லினக்ஸ் கணினியில் டிராயிங் டேப்லெட் இயங்கவில்லையா? கோளாறு எந்தப் படியில் என்று கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: கணினியில் படம் வரைவதற்கும், இணையவழி வகுப்பில் கணக்குகளை எழுதிக் காட்டுவதற்கும் பயன்படும் டிராயிங் டேப்லெட் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் அதை இணைக்கும் பலர், பேனாவை நகர்த்தியும் திரையில் எதுவும் அசையாத நிலையையோ, கோடு விழுந்தும் அழுத்தத்திற்கு ஏற்பத் தடிமன் மாறாத நிலையையோ சந்திக்கின்றனர்.

'கணினி டேப்லெட்டை அடையாளம் காணவில்லை' என்று இவை எல்லாவற்றையும் ஒரே புகாராகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்தறியாததால் நல்ல நிலையில் உள்ள சாதனத்தைத் திருப்பி அனுப்புவோரும், இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவோரும், ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து டிரைவர்களைப் பதிவிறக்குவோரும் உண்டு. வரிசையாகச் சோதித்தால், செலவு எதுவுமின்றிச் சில நிமிடங்களில் கோளாறு எங்கே உள்ளது என்பதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் பொதுவாக முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் தேவை. அத்தகுதி இல்லாத பழைய மடிக்கணினியை வைத்திருப்போருக்கு, உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா போன்ற கட்டணமற்ற லினக்ஸ் பதிப்புகள் இயல்பான மாற்றாக உள்ளன.

இந்தியாவில் லினக்ஸ் புதிதன்று. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளின் அடிப்படையிலேயே நடைபெறுகிறது. அம்மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் நடத்தும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் அனிமேஷனும் ஒரு பயிற்சிப் பாடம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற லினக்ஸ் பதிப்பை உருவாக்கியது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு வெளியிட்டது.

அனிமேஷன், காட்சி விளைவுகள், விளையாட்டு, காமிக்ஸ் துறைகளுக்கெனத் தனிப் பணிக்குழு அமைக்கப்படும் என்று 2022-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர், பழைய மடிக்கணினியில் லினக்ஸையும், கட்டணமற்ற கிரிட்டா, பிளெண்டர் செயலிகளையும் நிறுவிக்கொண்டால், அவர் விலை கொடுத்து வாங்க வேண்டிய முக்கியப் பொருள் டேப்லெட் மட்டுமே. அது இயங்காமல் போனால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீணாகிவிடும்.

நான்கு படிகள்

டேப்லெட்டின் பேனா அசைவு, திரையில் கோடாக மாறுவதற்கு நான்கு படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, யுஎஸ்பி இணைப்பு. இரண்டாவது, இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில் உள்ள டிரைவர். மூன்றாவது, டெஸ்க்டாப் சூழல். நான்காவது, கிரிட்டா, கிம்ப் போன்ற வரைகலைச் செயலி.

ஒரு படி தவறினால் அதற்கு அடுத்த படிகளில் எதை மாற்றினாலும் பலனில்லை. கேபிள் பழுதாக இருக்கும்போது டிரைவரை மாற்றுவதும், செயலியில் ஓர் அமைப்பு விடுபட்டிருக்கும்போது இயங்குதளத்தை மாற்றுவதும் இப்படித்தான் நிகழ்கின்றன. எனவே சோதனையைக் கீழிருந்து மேலாக, அதாவது கேபிளிலிருந்து தொடங்குவதே முறை.

இச்சோதனைக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் 'டெர்மினல்' செயலி தேவைப்படும். இங்கு ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் படி: கேபிளும் போர்ட்டும்

டேப்லெட்டை இணைத்துவிட்டு 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளையை இயக்கினால், கணினியின் யுஎஸ்பி போர்ட்டுகளில் உள்ள எல்லாச் சாதனங்களும் பட்டியலாகத் தோன்றும். ஒவ்வொரு வரியிலும் இரு பகுதிகளைக் கொண்ட அடையாள எண் இருக்கும். முதல் பகுதி தயாரிப்பாளரையும், இரண்டாவது பகுதி சாதனத்தையும் குறிக்கும். இவை பதினாறடிமான எண்கள் என்பதால் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும்.

வாகாம் நிறுவனத்தின் சாதனங்கள் '056ஏ' என்று தொடங்கும். ஹூயான், கவ்மான் டேப்லெட்டுகள் பெரும்பாலும் '256சி' என்றும், எக்ஸ்பி-பென் டேப்லெட்டுகள் '28பிடி' என்றும் தொடங்கும். தைவானின் யுசி-லாஜிக் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்ட பழைய மாதிரிகள் '5543' என்ற எண்ணைக் காட்டும்.

எந்த வரி டேப்லெட்டுக்குரியது என்பதில் ஐயம் இருந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறையும், இணைத்துவிட்டு மறுமுறையும் கட்டளையை இயக்க வேண்டும். புதிதாகத் தோன்றும் வரியே டேப்லெட். இரு முறையும் பட்டியல் ஒன்றாகவே இருந்தால், கோளாறு லினக்ஸின் டிரைவரில் இல்லை. கேபிள், போர்ட், டேப்லெட் ஆகிய மூன்றில் ஒன்றில் உள்ளது.

இந்நிலையில் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளைத்தான். கைப்பேசிகளுடன் வரும் சில கேபிள்களில் மின்னூட்டத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவு செல்லும் கம்பிகள் இரா. அத்தகைய கேபிளை இணைத்தால் டேப்லெட்டில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. டேப்லெட்டுடன் வந்த கேபிளையே பயன்படுத்துவதும், யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கணினியின் போர்ட்டில் நேரடியாக இணைப்பதும் பலருக்கு இங்கேயே தீர்வைத் தந்துவிடும்.

இணைக்கும்போது கணினி என்ன நினைக்கிறது என்பதை 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்ற கட்டளை காட்டும். அதில் புதிய யுஎஸ்பி சாதனம் கண்டறியப்பட்டதாக ஒரு செய்தியும் அடையாள எண்ணும் வந்திருந்தால் முதல் படி சரி. மாறாக, சாதனத்தின் விவரத்தைப் படிக்க முடியவில்லை என்ற செய்தியுடன் பிழை எண் -71 அல்லது -110 திரும்பத் திரும்ப வந்தால், கேபிளிலோ மின் இணைப்பிலோ குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

திரையுடன் கூடிய டேப்லெட்டுகளுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றில் படத்தைக் கொண்டுவரும் இணைப்பு வேறு, பேனாவின் அசைவைக் கொண்டுசெல்லும் யுஎஸ்பி இணைப்பு வேறு. திரையில் படம் தெரிந்து பேனா மட்டும் இயங்காவிட்டால், யுஎஸ்பி கேபிள் இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கைப்பேசி நிலையில் சிக்கிய டேப்லெட்

அண்மைக் கால டேப்லெட்டுகள் பலவும் ஆண்ட்ராய்டு கைப்பேசியுடனும் இணையக்கூடியவை. இதற்கெனத் தனி நிலை ஒன்று அவற்றில் உள்ளது. இணைக்கப்பட்ட கருவி கைப்பேசியா கணினியா என்பதை டேப்லெட்டே ஊகித்து நிலையை மாற்றிக்கொள்ளும். அந்த ஊகம் தவறினால், கணினியுடன் இணைந்த பின்னரும் அது கைப்பேசி நிலையிலேயே நின்றுவிடும்.

அப்போது டேப்லெட் வேறு அடையாள எண்ணைக் காட்டக்கூடும். பரப்பின் ஒரு சிறு பகுதி மட்டுமே இயங்குவதும் இதன் அறிகுறி. வாகாமின் சிறிய இன்டுவோஸ் மாதிரியில், வெளிப்புற ஓரங்களில் உள்ள இரண்டு பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நிலை மாறிவிடும். மற்ற நிறுவனங்களின் மாதிரிகளுக்கு உரிய பொத்தான்கள் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனை இது.

இரண்டாம் படி: கர்னலில் உள்ள டிரைவர்

விண்டோஸில் பழகியவர்கள் புதிய சாதனம் வாங்கியதும் அதற்குரிய டிரைவரைத் தேடுவது வழக்கம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுடனேயே வந்துவிடுகின்றன. வாகாம் டேப்லெட்டுகளுக்கான டிரைவர் நெடுங்காலமாகக் கர்னலின் பகுதியாக உள்ளது. அந்நிறுவனத்தின் பொறியாளர்களே அதன் மேம்பாட்டில் பங்கேற்கின்றனர். இதனால் வாகாம் டேப்லெட்டுகள் பெரும்பாலும் இணைத்த உடனே இயங்கிவிடும்.

விலை குறைந்த பிற டேப்லெட்டுகளில் நிலைமை வேறு. விசைப்பலகை, மவுஸ், டேப்லெட் போன்ற உள்ளீட்டுச் சாதனங்கள் அனைத்தும், கணினியுடன் இணைந்ததும் தம்மைப் பற்றிய விவரக் குறிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும் என்பது யுஎஸ்பி நெறிமுறை. எத்தனை பொத்தான்கள், பரப்பின் அளவு என்ன, அழுத்தம் எத்தனை நிலைகளில் பதிவாகும் என்பன அதில் இருக்க வேண்டும்.

சில டேப்லெட்டுகள் இந்தக் குறிப்பில் முழு உண்மையைச் சொல்வதில்லை. சாதாரண மவுஸாகவோ விசைப்பலகையாகவோ மட்டும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. குறிப்பிட்ட ஒரு செய்தியைக் கணினி கேட்டுப் பெற்ற பின்னரே முழுத் திறனுடன் இயங்கத் தொடங்குகின்றன. யுசி-லாஜிக் வகை டேப்லெட்டுகளில், சாதனத்தின் நினைவகத்தில் 100 அல்லது 200 என்ற எண்ணில் உள்ள எழுத்துச் சரத்தைப் படிப்பதே அந்தத் திறவுகோல். நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் இதைத் தானாகச் செய்துவிடுகிறது. லினக்ஸுக்கோ இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

டேப்லெட்டுக்கும் விண்டோஸ் டிரைவருக்கும் இடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்தைக் கவனித்து, இந்த நடைமுறையைத் தன்னார்வலர்களே கண்டறிந்தனர். 'டிஜிமென்ட்' என்ற திட்டத்தின் கீழ் நடந்த இப்பணியின் பெரும்பகுதி, பின்னர் கர்னலின் 'ஹிட்-யுசிலாஜிக்' டிரைவரில் சேர்க்கப்பட்டது. ஹூயான், கவ்மான், எக்ஸ்பி-பென் மாதிரிகள் பலவும் இன்று லினக்ஸில் இயங்குவதற்கு இதுவே காரணம்.

பொருத்தமான டிரைவர் கிடைக்காதபோது, எல்லா உள்ளீட்டுச் சாதனங்களுக்குமான பொது டிரைவர் டேப்லெட்டை எடுத்துக்கொள்கிறது. பேனாவை அசைத்தால் மவுஸ் அம்பு மட்டும் நகர்ந்து, அழுத்தம் பதிவாகாமல் இருப்பது அப்போதுதான். கணினி டேப்லெட்டைக் காணாமல் இல்லை. அதை மவுஸ் என்று கருதிக்கொண்டுள்ளது.

ஒரே எண், பல மாதிரிகள்

இன்னொரு சிக்கல் அடையாள எண்ணிலேயே உள்ளது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனி எண் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் '256சி', '006இ' என்ற ஒரே எண் இணையை ஹூயான், கவ்மான் ஆகியவற்றின் அளவிலும் பொத்தான் எண்ணிக்கையிலும் வேறுபட்ட பல மாதிரிகள் பகிர்ந்துகொள்கின்றன. எண்ணை மட்டும் பார்த்து இது எந்த டேப்லெட் என்று கர்னலால் சொல்ல முடியாது. சாதனத்தின் உள்ளே பதிந்துள்ள மென்பொருளின் பெயரைக் கேட்டறிந்தே அது மாதிரியைப் பிரித்துணர்கிறது.

இதனால்தான், 'என் நண்பரின் டேப்லெட்டும் இதே எண்தான், அவருக்கு இயங்குகிறது' என்ற ஒப்பீடு சில நேரங்களில் பொருந்துவதில்லை. ஒரே பெயரில் விற்கப்படும் மாதிரியின் புதிய பதிப்பில் உட்பகுதி மாறியிருப்பதும் உண்டு.

எனவே இரண்டாம் படியில் பார்க்க வேண்டியது கர்னலின் வயது. 'யுநேம் -ஆர்' என்ற கட்டளை அதன் பதிப்பு எண்ணைக் காட்டும். டேப்லெட் சந்தைக்கு வந்த பிறகு அதற்கான ஆதரவு சேர்க்கப்பட்டிருந்தால், பழைய கர்னலுக்கு அது தெரியாது. முறையான புதுப்பிப்புகளை நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்வது மட்டுமே பலருக்குப் போதுமானது. அண்மைக் கர்னல்களில் 'ஹிட்-பிபிஎஃப்' என்ற வசதியும் வந்துள்ளது. 6.3-ஆம் பதிப்பில் அறிமுகமான இது, சாதனம் அனுப்பும் தவறான விவரக் குறிப்பைச் சிறு நிரல் ஒன்றின் மூலம் திருத்திக்கொள்ள உதவுகிறது. ஒவ்வொரு குறைக்கும் புதிய கர்னலுக்காகக் காத்திருக்கும் தேவை இதனால் குறைகிறது.

மூன்றாம் படி: டெஸ்க்டாப் சூழல்

கர்னல் சரியாகக் கண்டறிந்த டேப்லெட்டை, 'லிப்இன்புட்' என்ற மென்பொருள் நூலகம் டெஸ்க்டாப்புக்கு அறிமுகப்படுத்துகிறது. 'சூடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்' என்ற கட்டளை அதற்குத் தெரிந்த சாதனங்களைப் பட்டியலிடும். டெபியன், உபுண்டு பதிப்புகளில் 'லிப்இன்புட்-டூல்ஸ்' என்ற தொகுப்பை இதற்கு முன்னதாக நிறுவ வேண்டும். பட்டியலில் டேப்லெட்டின் பெயருக்கு நேரே அதன் திறன்களில் 'டேப்லெட்' என்ற சொல் இருந்தால், பேனா முறையாக அறியப்பட்டுள்ளது என்று பொருள். 'பாயின்டர்' என்று மட்டும் இருந்தால், அது மவுஸாகவே கருதப்படுகிறது. இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

இதனுடன் 'லிப்வாகாம்' என்ற தரவுத்தளமும் சேர்ந்து செயல்படுகிறது. பெயரில் வாகாம் இருந்தாலும், பிற நிறுவனங்களின் டேப்லெட்டுகளும் இதில் இடம்பெற்றுள்ளன. பொத்தான்கள் எங்கே உள்ளன, டேப்லெட்டின் அளவு என்ன, அதில் திரை உள்ளதா என்பன போன்ற விவரங்களை ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சிறு உரைக்கோப்பாக அது வைத்திருக்கிறது. க்நோம் டெஸ்க்டாப்பின் அமைப்புப் பக்கம் இந்த விவரங்களை நம்பியே இயங்குகிறது.

இதனால் விந்தையான ஒரு நிலை ஏற்படலாம். டேப்லெட்டில் படம் வரைய முடியும், அழுத்தமும் பதிவாகும். ஆனால் அமைப்புப் பக்கத்தில் பொத்தான்களை மாற்றும் வசதி மட்டும் இராது. இந்நிலையில் டிரைவரில் குறை எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் அந்த மாதிரிக்கான கோப்பு இல்லாததே காரணம். புதிய கோப்பைப் பயனரே எழுதிச் சேர்க்கவும், அதைத் திட்டத்துக்கு அனுப்பிப் பிறருக்கும் பயன்படச் செய்யவும் வழி உள்ளது. மேலும், பேனாவை ஒருமுறை டேப்லெட்டின் அருகே கொண்டுசென்ற பின்னரே க்நோமில் பேனாவுக்கான அமைப்புகள் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டெஸ்க்டாப் எந்தக் காட்சி முறையில் இயங்குகிறது என்பதும் முக்கியம். பழைய முறை எக்ஸ்11, புதிய முறை வேலேண்ட். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் 'எக்ஸ்செட்வாகாம்' என்ற கட்டளையைப் பரிந்துரைக்கின்றன. அது எக்ஸ்11-இல் மட்டுமே செயல்படும். வேலேண்ட் முறையில் அதே மாற்றங்களை டெஸ்க்டாப்பின் அமைப்புப் பக்கத்திலேயே செய்ய வேண்டும். க்நோம், கேடிஇ பிளாஸ்மா 6 ஆகிய இரண்டிலும் டேப்லெட்டுக்கெனத் தனிப் பக்கம் உள்ளது. க்நோமில் 'அபவுட்' பகுதியின் கணினி விவரங்களைப் பார்த்தால், எந்தக் காட்சி முறை இயங்குகிறது என்பது தெரியும்.

நான்காம் படி: வரைகலைச் செயலி

முதல் மூன்று படிகளும் சரியாக இருந்து, ஒரு செயலியில் மட்டும் அழுத்தம் பதிவாகாவிட்டால், அந்தச் செயலியின் அமைப்பையே பார்க்க வேண்டும். கிரிட்டாவில் டேப்லெட் அமைப்புப் பகுதிக்குள் சோதனைக் கருவி ஒன்று உள்ளது. பேனாவால் அதில் கோடு இழுத்தால், அழுத்தத்தின் அளவு எண்ணாகத் தோன்றும். எண் மாறிக்கொண்டே வந்தால் டேப்லெட் நலமாக உள்ளது. தேர்ந்தெடுத்த தூரிகைதான் அழுத்தத்துக்கு ஏற்ப மாறாத வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்.

கிம்ப் செயலியில் உள்ளீட்டுச் சாதனங்களுக்கான பக்கத்தில் பேனா இடம்பெற்றுள்ளதா, இயங்கு நிலையில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். தூரிகைக்கு அழுத்தம் சார்ந்த 'டைனமிக்ஸ்' தேர்வும் தேவை. கையெழுத்துக் குறிப்புகளுக்கு ஆசிரியர்கள் பயன்படுத்தும் சூர்னல்++ செயலியிலும் இத்தகைய பக்கம் உள்ளது. செயலியைத் திறந்த பிறகு டேப்லெட்டை இணைத்திருந்தால், செயலியை மூடித் திறந்து மீண்டும் முயல வேண்டும்.

வட்டம் நீள்வட்டமாவது ஏன்?

டேப்லெட் இயங்கத் தொடங்கிய பிறகும் 'வட்டம் போட்டால் முட்டை வடிவம் வருகிறது' என்ற குறை பலருக்கு எழுகிறது. இது பழுதன்று, விகிதக் கணக்கு. 160 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட டேப்லெட், 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையுடன் இணைவதாகக் கொள்வோம். அகல வாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 12 புள்ளிகள், உயர வாக்கில் 10.8 புள்ளிகள் கிடைக்கும். வட்டம் சுமார் 11 சதவீதம் அகலமாகத் தெரியும்.

அதே கணினியில் இரண்டு திரைகள் பக்கவாட்டில் இருந்து, டேப்லெட் இரண்டுக்கும் சேர்த்துப் பரவினால், அகல வாக்கில் 24 புள்ளிகளாகிவிடும். வட்டம் இரு மடங்குக்கும் மேல் நீண்டுவிடும். டேப்லெட்டை ஒரு திரைக்கு மட்டும் உரியதாக்குவதும், அதன் பரப்பில் 160-க்கு 90 மில்லிமீட்டரை மட்டும் பயன்படுத்துமாறு அமைப்பதும் இதற்குத் தீர்வு. அமைப்புப் பக்கத்தில் உள்ள விகிதத்தைப் பேணும் தேர்வு இதைத் தானாகச் செய்துவிடும்.

வெளி டிரைவரை எப்போது நிறுவலாம்?

கர்னலில் ஆதரவு இல்லாத மாதிரிகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஹூயான், எக்ஸ்பி-பென் ஆகியவை தம் இணையதளங்களில் லினக்ஸ் டிரைவர்களை வெளியிடுகின்றன. இவற்றை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். இத்தகைய மென்பொருள் கணினியின் உயர் அனுமதியைக் கேட்டு நிறுவப்படுவதால், பிற தளங்களில் கிடைக்கும் நகல்களை நம்புவது ஆபத்து.

இரண்டாவது வழி, 'ஓபன்டேப்லெட்டிரைவர்' என்ற திறந்த மூல மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இது, பல நிறுவனங்களின் மாதிரிகளை ஆதரிக்கிறது. மூன்றாவது, டிஜிமென்ட் திட்டத்தின் கர்னல் தொகுதியைத் தனியாக நிறுவுவது. கணினியில் 'செக்யூர் பூட்' பாதுகாப்பு இயங்கினால், முறையான கையொப்பமில்லாத கர்னல் தொகுதியை அது ஏற்காது. நிறுவல் வெற்றி என்று தோன்றியும் டேப்லெட் இயங்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். நிறுவலின்போது கேட்கப்படும் கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டு, மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் அந்தக் கையொப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு டிரைவர்கள் ஒரே டேப்லெட்டுக்குப் போட்டியிட்டால், அம்பு துள்ளுவதும் அழுத்தம் மறைவதும் நிகழும். புதியதை நிறுவுமுன் பழையதை நீக்கிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன்

சாதனத்தின் பெட்டியில் லினக்ஸ் ஆதரவு குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதோடு, அது நிறுவனத்தின் தனி டிரைவர் மூலமா, கர்னலிலேயே உள்ள ஆதரவா என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கர்னலிலேயே ஆதரவு உள்ள மாதிரி, இயங்குதளத்தைப் புதுப்பித்த பின்னரும் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும். தனி டிரைவரின் ஆயுள், அந்த நிறுவனம் அதைப் புதுப்பிக்கும் காலம் வரை மட்டுமே.

லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே நிறுவாமல் இயக்கிப் பார்க்க முடியும். விண்டோஸ் கணினி வைத்திருப்போர், மாறுவதற்கு முன் இம்முறையில் டேப்லெட்டைச் சோதித்துவிடலாம். வன்தட்டில் உள்ள கோப்புகள் எதுவும் மாறாது. இணையவழியில் வாங்குவோர், திருப்பித் தரும் கால வரம்புக்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

உதவி கேட்கும்போது

எல்லாப் படிகளையும் கடந்தும் தீர்வு கிடைக்காதபோது, லினக்ஸ் பயனர் குழுக்களிடமோ தயாரிப்பு நிறுவனத்திடமோ உதவி கேட்கலாம். அப்போது டேப்லெட்டின் மாதிரிப் பெயர், யுஎஸ்பி அடையாள எண், லினக்ஸ் பதிப்பு, கர்னல் எண், காட்சி முறை, எந்தப் படி வரை சரியாக உள்ளது ஆகிய 6 விவரங்களையும் சேர்த்துத் தர வேண்டும்.

'இயங்கவில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'யுஎஸ்பி பட்டியலில் தெரிகிறது, லிப்இன்புட்டில் பாயின்டர் என்று மட்டும் காட்டுகிறது' என்று தெரிவித்தால், சிக்கல் இரண்டாம் படியில் உள்ளது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும். இன்று லினக்ஸில் இயங்கும் டேப்லெட் மாதிரிகளில் பலவும், பயனர்கள் இவ்வாறு அனுப்பிய விவரங்களின் அடிப்படையில்தான் ஆதரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.